மார்ஜார நியாயமும் மூத்த பூனையின் அந்திம காலமும்

எம்பெருமானுடைய படைப்பிலே பூனையைப் போல ஏச்சும் ஏற்றமும் ஒருங்கே பெற்ற பிராணி பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயமே. பயணம் புறப்படும் வேளையில் அது குறுக்கிட்டால், வீட்டினுள் திரும்பிச் சற்றே அமர்ந்து, ஒரு வாய் நீர் பருகிய பின்னரே புறப்படுவோர் இன்றும் உளர். கபட வேஷம் பூண்டவனைப் பூனைத் தவசி என்று இகழ்வதும் உண்டு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலே, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பல்லவர் காலத்துச் சிற்பி, பின்னங்கால்களில் நின்று முன்கைகளை உயரத் தூக்கித் தவம் புரியும் பூனை ஒன்றையும், அதனருகே அச்சமின்றி நிற்கும் எலிகளையும் செதுக்கி வைத்து நகையாடியிருக்கிறான்.

ஆயினும், சரணாகதியின் உட்பொருளை உலகோர்க்கு விளக்க முற்பட்ட நம் பெரியோர் தேர்ந்தெடுத்த திருஷ்டாந்தமும் இந்தப் பூனையே. குரங்கின் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. இது மர்க்கட நியாயம். பூனையின் குட்டியோ எதையும் பற்றுவதில்லை. கண்ணும் திறவாத அதனைத் தாயே வாயால் கவ்வி, பல் படாமல், இடம் விட்டு இடம் கொண்டு சேர்க்கிறது. இது மார்ஜார நியாயம். இவ்விரண்டில் எது ஏற்புடைத்து என்று கலைபேதம் பேசுவது இச்சிறு கட்டுரையின் நோக்கமன்று. தன் முயற்சி சிறிதும் இல்லாத ஓர் உயிரை மற்றொன்றின் கருணை தாங்குகிறது என்னும் அழகிய காட்சி ஒன்றே இங்கு நமக்கு வேண்டுவது.

அந்தத் தாய்ப்பூனைக்கும் ஒரு நாள் மூப்பு வருகிறது. பல் விழுகிறது, கண் மங்குகிறது, கால் தளர்கிறது. குட்டிகளைக் கவ்விச் சுமந்த அதனை அப்பொழுது யார் சுமப்பது? இக்கேள்வியை அடியேன் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை, ஸந்நிதியில் செவியுற்றேன்.

அர்ச்சனைக்குப் பெயரும் நக்ஷத்திரமும் கேட்டபொழுது, மூதாட்டி ஒருவர், “சாமி, நச்சத்திரம் தெரியாதுங்க. பதினாறு வருசமா எங்க வீட்டோட கெடக்கிற பூனை. நாலு நாளா தண்ணிய மட்டுந்தான் குடிக்குது. அதும் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுவீகளா?” என்றார். வரிசையில் நின்ற சிலர் நகைத்தனர். நக்ஷத்திரம் அறியாவிடத்துப் பெருமாள் திருநாமத்துக்கே அர்ச்சனை செய்வது வழக்கமாதலின் அவ்வாறே செய்து, துளஸியும் தீர்த்தமும் அளிக்கப்பட்டன. தீர்த்தம் பெற்றுக்கொண்ட அவ்வம்மையார் நகராமல் நின்று, “வைத்தியர் ஊசி போட்டு முடிச்சிரலாம்ங்கிறாரு. போட்டா பாவமா, போடாமத் துடிக்க விட்டா பாவமா?” என்று கேட்டார். நகைத்தவர்களும் மௌனமாயினர். அந்தக் கேள்வியையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஜீவனுக்கு ஜாதி உண்டோ?

பூனைக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்போர் முதலில் ஒன்றை உணர வேண்டும். எறும்பின் உடலில் உறையும் ஆத்மாவும் யானையின் உடலில் உறையும் ஆத்மாவும் ஸ்வரூபத்தில் ஒத்தவையே. கர்மத்தினால் கிடைத்த சட்டைகள்தாம் வேறு என்பது நம் ஸித்தாந்தம். எல்லாச் சேதனங்களும் அசேதனங்களும் எம்பெருமானுக்குச் சரீரம் என்றார் உடையவர். ஆகவே, நம் திண்ணையில் நோயுற்றுக் கிடக்கும் பூனையும் அவன் திருமேனிக்குப் புறம்பானதன்று. இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து மஹாயஜ்ஞங்களுள் ஒன்றாகிய பூதயஜ்ஞம், பிற உயிர்கட்கு அன்றாடம் உணவிடுதலேயாம். வேதத்தின் சாந்தி மந்திரங்களும் மனிதரோடு நில்லாமல் நாற்கால் பிராணிகளுக்கும் சேர்த்தே நலம் வேண்டுகின்றன.

ஸ்ரீமத் ராமாயணத்தில் இதற்கோர் உயர்ந்த உதாரணம் உண்டு. ஜடாயு ஒரு பறவை. அதிலும் மிக மூத்த பறவை. சிறகிழந்து குருதி சோரக் கிடந்த அதனைப் பிழைக்க வைக்கப் பெருமாளிடம் அப்பொழுது மருந்தொன்றும் இல்லை. ஸீதையைத் தேடும் அவசரமோ மிகப் பெரிது. அப்படியிருந்தும் சக்கரவர்த்தித் திருமகன் அவ்விடம் விட்டு அகலவில்லை. அதனைத் தழுவிக்கொண்டு உடனிருந்தான். உயிர் பிரிந்த பின், தந்தை தசரதனுக்குத் தன் கையால் செய்ய வாய்க்காத ஈமக்கடனை அப்பறவைக்குச் செய்தான். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி திவ்யதேசம் இவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டி நிற்கிறது. குணப்படுத்த இயலாத இடத்திலும் செய்வதற்கு ஒரு கைங்கர்யம் எஞ்சியுள்ளது. அது விட்டகலாமை என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

தயையும் மோஹமும்

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம். “ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில், தாயிழந்த மான்கன்றைக் காத்த பரத மஹாராஜன், அந்திம காலத்தில் அதனையே நினைந்து உயிர் விட்டு, மறுபிறவியில் மானாகப் பிறக்கவில்லையோ? பிராணியிடம் வைக்கும் பற்று பந்தமன்றோ?” என்பர். தகுந்த கேள்வியே. ஆயின், கதையை ஊன்றி நோக்குக. வெள்ளத்தில் வீழ்ந்த கன்றை எடுத்துக் காத்தது பரதன் செய்த பிழையன்று. அதனைக் காவாதிருந்தால் அதுவே பிழையாகியிருக்கும். பின்னர், கன்று கண்ணெதிரே இல்லாத ஒவ்வொரு கணமும், அதற்கு என்ன ஆகுமோ என்பதைவிட, அது இன்றித் தான் என்ன ஆவோம் என்று அவன் உள்ளம் உழன்றதே பந்தமாயிற்று.

பிறிதோர் உயிரின் துன்பத்தைப் பொறுக்கமாட்டாமை தயை. தனக்கு வரும் பிரிவைப் பொறுக்கமாட்டாமை மோஹம். இரண்டும் கண்ணீராகவே வெளிப்படுதலால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை, அழுகின்றவருக்கே தெரிவதில்லை. நோயுற்ற முதிய பூனையை வைத்திருப்போர் நாள்தோறும் தம்மையே கேட்டுக்கொள்ளத் தக்க வினா ஒன்று உண்டு: “இப்பொழுது யான் செய்யப் போவது எவருடைய வலியைக் குறைக்கிறது, அதனுடையதையா, என்னுடையதையா?” இக்கட்டுரை முழுவதும் கூறப்போவது இவ்வினாவின் விரிவேயன்றி வேறில்லை.

அறிவோடு கூடிய தயை

தயைக்கு அறிவு துணை வேண்டும். வீட்டில் வளரும் பூனை பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இயல்பு. இருபதை எட்டுவனவும் உண்டு. மூத்த பூனைகளைப் பெரிதும் பீடிப்பது சிறுநீரகத் தளர்ச்சி. அடிக்கடி நீர் பருகுதல், மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், உடல் மெலிதல், வாய் நாற்றம், உணவில் வெறுப்பு ஆகியன இதன் அடையாளங்கள். சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அழிந்த பிறகே இவை தோன்றத் தொடங்குமாதலால், நாம் அறியும் வேளையில் நோய் முதிர்ந்திருக்கும். “நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, ஆகவே நலமாயிருக்கிறது” என்று எண்ணுவது பொருந்தாது. இழந்ததை மீட்க மருந்தில்லையெனினும், தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றுதல், குமட்டலுக்கு மருந்து தருதல் முதலியவற்றால் பல மாதங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகள்கூட, துன்பமின்றிக் கழியச் செய்யலாம். நீர் ஏற்றும் முறையைக் கால்நடை மருத்துவர் வீட்டாருக்கே கற்றுத் தருவதும் உண்டு.

பூனை தன் நோவைக் காட்டாத பிராணி. நோயுற்றால் கட்டிலடியிலும் அடுக்குப் பாத்திரத்தின் பின்னும் ஒளிந்துகொள்ளும். அது குறுகுறுவென்று ஒலியெழுப்பினால் மகிழ்ச்சி என்றே நாம் கொள்கிறோம். கடும் வலியிலும், உயிர் பிரியும் தறுவாயிலும் அவ்வொலி எழுவதுண்டு. ஆதலின், அது உண்கிறதா, தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்கிறதா, எழுந்து சென்று கழிக்கிறதா, அழைத்தால் காதைத் திருப்புகிறதா என்னும் நான்கையும் நாள்தோறும் கவனிப்பதே அதன் பாஷையைக் கற்பதாகும்.

ஓர் எச்சரிக்கை. மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் உட்கொள்ளும் பாரஸிடமால் மாத்திரை பூனைக்கு விஷம். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். அன்பினாலே செய்யும் இக்கொடுமை தவிர்க்கப்பட வேண்டும். உணவு வெறுத்த பூனைக்குச் சர்க்கரையும் பாயஸமும் காட்டுவதிலும் பயனில்லை. இனிப்பை உணரும் திறன் அதன் நாவுக்கு இல்லை. வாசனையே அதன் பசியைத் தூண்டுவதாதலால், உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வைத்தல் நலம். இரண்டு மூன்று நாள் அறவே உண்ணாதிருந்தால் ஈரலும் கெடும். உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இனி, நம் போன்றோர் இல்லங்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. சைவ உணவு உண்ணும் அகங்களில் பூனைக்குத் தயிர்சாதம் இடுவதே வழக்கம். இளமையில் அது தன் வேட்டையால் மீதியை நிரப்பிக்கொள்கிறது. நாம் காணாததுபோல் இருந்துவிடுகிறோம். முதுமையில் வேட்டையாட வலுவில்லை. புலாலில் மட்டுமே போதிய அளவு கிட்டும் டாரின் என்னும் ஸத்து இன்றேல் பூனைக்குப் பார்வை கெடும். இதயம் வீங்கித் தளரும் என்பதும் 1987இல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அஹிம்ஸை நாம் ஏற்ற விரதம். பூனை அவ்விரதத்தை ஏற்கவில்லை. ஏற்கும் உடலும் அதற்கு எம்பெருமானால் அளிக்கப்படவில்லை. நம் விரதத்தை அதன் வயிற்றின்மேல் சுமத்துவது விரதமாகாது. அடுக்களைக்குள் அவ்வுணவு நுழையலாகாது என்போர், மருத்துவர் கூறும் பூனையுணவைக் கொல்லையிலோ திண்ணையிலோ தனித்தட்டில் வைக்கலாம். அதுவும் மனம் ஒவ்வாவிடில் அண்டை வீட்டாரின் உதவியை நாடலாம். பட்டினியிட்டு அதனைப் புண்ணியமென்று பெயரிடலாகாது.

கோயில் வாசலில் விடுதல்

திண்டுக்கல்லிலும் சுற்றுப்புறச் சமவெளிக் கிராமங்களிலும் நிலக்கடலையும் தானியமும் சேர்த்து வைக்கும் வீடுகளில், எலிக்காகவே பூனை வளர்ப்பர். எலி பிடிக்கும் வரையில் அதற்கு வீடு உண்டு. பிடிக்க இயலாத நாள் வந்ததும் கோணிப்பையில் கட்டிச் சந்தையிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவிடுவோர் உளர். இன்னும் சிலர், “பெருமாள் பார்த்துக்கொள்வார், ப்ரஸாதம் கிடைக்கும்” என்று கோயில் மதிலோரம் விட்டுச் செல்வர். தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாளை ஸேவிக்க வரும் அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். பாரத்தை எம்பெருமானிடம் வைப்பது வேறு. பூனையைக் கோணியில் கட்டி அவன் மதிற்சுவரோரம் வைப்பது வேறு. முன்னது சரணாகதி, பின்னது கடமையைக் கைகழுவுதல். பல்லில்லாத கிழப்பூனைக்கு மடைப்பள்ளிப் புளியோதரை உணவாகாது. புதிய இடத்து நாய்கள் அதனை ஒரு நாளும் விட்டுவைக்கா.

இது சட்டத்துக்கும் விரோதம். மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய ஸபை உறுப்பினராயிருந்து 1953இல் கொணர்ந்த மசோதாவின் விளைவாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றமாகும். 1962இல் சென்னையில் பிராணிகள் நல வாரியம் அமைந்தபொழுது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் அவ்வம்மையாரே.

ஊசியா, உடனிருத்தலா?

இப்பொழுது அம்மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். இதற்கு இரு பெரியோர் சரிதம் சான்றாகிறது.

1928இல் ஸாபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று தீரா நோயுற்றுப் புரண்டு துடித்தது. மருத்துவர் கைவிட்டார். அதன் வேதனையைக் கண்டு நின்ற காந்தியடிகள், ஆசிரமத்தாரோடு கலந்தாய்ந்து, மருத்துவரைக் கொண்டு ஊசியிட்டு அதன் உயிரை முடித்துவைத்தார். பின்னர் அதனை மறையாது தம் பத்திரிகையில் எழுதவும், நாடெங்கிலுமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சினமோ தன்னலமோ கலவாது, வேறு வழி அறவே அற்ற நிலையில், அவ்வுயிரின் வேதனையை நீக்கும் பொருட்டே செய்தது ஹிம்ஸையாகாது என்பதே அவர் நிலை.

மற்றொருவர் ரமண மஹரிஷி. திருச்சுழியில் பிறந்து, சிறு பிராயத்தில் நம் திண்டுக்கல்லிலும் சில காலம் பயின்றவர். திருவண்ணாமலையில் அவர்தம் ஆசிரமத்துக்கு 1926இல் கன்றாக வந்த லக்ஷ்மி என்னும் பசு, முதுமையுற்று, 1948 ஜூன் 18ஆம் நாள் இறுதி மூச்சு விட்டது. அன்று மஹரிஷி கொட்டிலுக்குத் தாமே சென்று, தரையில் அமர்ந்து, அதன் தலையை ஏந்தி, சிரத்திலும் மார்பிலும் கை வைத்திருந்தார். அங்கேயே அதற்கு ஸமாதியும் எழுப்பப்பட்டது.

இருவரும் முரண்பட்டனர் என்று எண்ணற்க. லக்ஷ்மி அமைதியாக அடங்கிக்கொண்டிருந்தது. கன்றோ தீர்க்கவொண்ணாத வேதனையில் துடித்தது. இருவரும் நோக்கியது எதிரே கிடந்த ஜீவனையேயன்றித் தம்மை அன்று. ஆகவே, அடியேனுக்குத் தோன்றும் விடை இதுவே. வலி இல்லாமலோ, மருந்தால் அடங்கும் வலியோடோ பூனை அடங்கிக்கொண்டிருந்தால், அவசரப்பட வேண்டுவதில்லை. மெத்தென்ற துணி, இளஞ்சூடு, நாவை நனைக்கச் சில துளி நீர், தெரிந்த குரல் இவை போதும். இரவில் கண் விழிக்க அலுப்பாயிருக்கிறது, மருந்துக்குச் செலவாகிறது, துணி அழுக்காகிறது என்பதற்காக ஊசியை நாடுவது பாவமே, அதில் ஐயமில்லை. மூச்சுத் திணறலோ ஓயாத் துடிப்போ நேர்ந்து, தகுந்த மருத்துவர் பார்த்து, இனி எம்மருந்தாலும் இதனை அடக்க முடியாது என்று தெளிவாக உரைப்பாரேல், முதலில் மயக்கமூட்டிப் பின் உயிர் பிரியச் செய்யும் அம்முறையை ஏற்கும் குடும்பத்தாரைக் கொலைகாரர் என்று அடியேன் சொல்லமாட்டேன். அவ்விடத்து, “பாவம் எனக்கு வந்துவிடுமே” என்று அஞ்சி அதனைத் துடிக்க விடுவதும், தன் புண்ணியக் கணக்கை அதன் வலியால் எழுதுவதாகவே முடியும். ஆனால் ஊசி போடச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுதல் தகாது. இறுதிவரை அதன் தலைமேல் தெரிந்த கை ஒன்று இருத்தல் வேண்டும்.

உயிர் பிரிந்தபின் அதற்கென ஆசௌசம் ஏதுமில்லை. நாய்கள் தோண்டா வண்ணம் ஆழக் குழி எடுத்துப் புதைத்து, நீராடி, எம்பெருமானைச் ஸேவித்தல் போதுமானது. துக்கம் வரும், அதற்கு நாணவேண்டியதில்லை. பிறகு சிறிது காலத்தில் அத்துக்கத்தையும் அவன் திருவடிகளில் விட்டுவிடுதல் வேண்டும். அங்ஙனம் விடத் தெரியாமையே பரதனைப் பந்தப்படுத்தியது.

காஷ்டம் போலக் கிடக்கும் வேளை

வராஹ சரம ச்லோகத்தின் கருத்தை ஸ்ரீவைஷ்ணவர் யாவரும் அறிவர். உடல் நலமாயிருக்கும் நாளில் தன்னை ஒருமுறை நினைத்தவன், அந்திம காலத்தில் கட்டையும் கல்லும்போல் நினைவிழந்து கிடப்பினும், அவனைத் தான் நினைத்து நற்கதிக்கு அழைத்துச் செல்வதாக ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு அருளிய வாக்கு அது. நினைக்க இயலாதவனுக்காக மற்றொருவன் நினைக்கிறான் என்பதே அதன் சாரம்.

நாம் எம்பெருமானாகிவிட முடியாது. எனினும், பதில் செய்ய வகையற்று, நன்றி கூறவும் மொழியற்று, எலி பிடிக்கவும் வலியற்றுக் கிடக்கும் ஓர் உயிரை, எப்பயனும் கருதாது பேணும் சில நாட்களில், நிர்ஹேதுக கிருபை என்று ஏட்டில் படித்ததன் சுவையைக் கையால் சிறிது அறிகிறோம். நாமும் ஒரு நாள் அவ்வாறு கிடப்போம். அப்பொழுது நம் தகுதியை எண்ணாமல் அவன் கவ்விச் செல்ல வேண்டும் என்றன்றோ இத்திருவிழாவில் திரண்டு நின்று வேண்டுகிறோம்? பிறருக்கு நாம் தர மறுக்கும் ஒன்றை அவனிடம் நாம் கேட்பது எங்ஙனம்? தாய்ப்பூனை குட்டியைக் கவ்வும்பொழுது அதன் பல் படுவதில்லை. நம் கையில் அந்திமத்தை அடைந்த உயிரின்மீதும் நம் சோம்பலின் பல்லோ, நம் மோஹத்தின் பல்லோ பதியாதிருக்க, ஸகல ஜீவர்களுக்கும் தாயும் தந்தையுமான ஸௌந்தரராஜப் பெருமாள் திருவருள் புரிவானாக.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.